மதியம் இல்லாத படம்

இது நடந்ததுதானா என்ற சந்தேகம் பல வருடமாக உண்டு. சொன்னவர் இருதயராஜ். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் கதை கொஞ்சம் கூடுதலாகவே கச்சிதம். இருந்தாலும் கேட்டபடியே சொல்லிவிடலாம்.

இருதயராஜ் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவர். ஐம்பதை நெருங்கும்போதுதான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். நெறியாளராக வாய்த்த பேராசிரியர் மணிமொழி அவரைவிட வயதில் இளையவர். அந்த அம்மாள் இவரை 'சார்' என்பார். இவர் 'மேடம்' என்பார். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அந்த ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். மணிமொழிதான் தலைமைத் தேர்வாளர். விடைக்குறிப்பை எழுதியவரும் அவரே.

நிறைவுப் போட்டிச் சந்தையை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. குறிப்பில் இருந்த எடுத்துக்காட்டு பூச்சந்தை. விற்பவர் பலர், வாங்குபவர் பலர், சரக்கு ஒன்றே.

காலையில் ஒரு தாளில் இருதயராஜின் பேனா நின்றது. தாளில் பெயர் இருக்காது. எந்த ஊர்ப் பிள்ளையோ. இப்படி எழுதியிருந்தது:

'பூச்சந்தை நிறைவுப் போட்டி அல்ல. வாங்குபவர் நாளை வரலாம். மல்லிகை நாளை வராது. வெயில் ஏறினால் வாங்குபவர்கள் சும்மா நின்றாலே போதும், விலை இறங்கிவிடும்.'

இந்தக் கேள்விக்கு மதிப்பெண் விழாவிட்டால் அந்தப் பிள்ளை தேறாது. கூட்டிப் பார்த்துவிட்டார்.

பக்கத்து நாற்காலி ஜமால் எட்டிப் பார்த்தார். "சார், பேப்பரைத் திருத்துங்க. உலகத்தைத் திருத்தாதீங்க."

இருதயராஜ் தாளோடு எழுந்து மணிமொழியிடம் போனார்.

அவர் படித்தார். "குறிப்புல இருக்கா?"

"இல்லை."

"அப்போ பூஜ்யம்."

"போட மாட்டேன், மேடம்."

"ஏன்?"

"ஏன்னு எனக்கே சரியாச் சொல்லத் தெரியலை. ஆனா போட மாட்டேன்."

மணிமொழி தன் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தார்.

"சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் சரம் பழுப்பேறிக் கிடந்தது.

"காலையில இதை வித்திருந்தா என்ன கொடுத்திருப்பீங்க?"

"கேட்ட விலை."

"இப்போ?"

"சும்மா கொடுத்தாலும் வேண்டாம்."

"வாங்குற நீங்க அதே ஆள். விக்கிற நானும் அதே ஆள். பூவும் அதே முழம். 'மற்றவை மாறாதிருக்க'ன்னு வகுப்புல சொல்லுவீங்களே, இங்க ஒண்ணும் மாறலையே?"

மணிமொழி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க படத்தை வரையுங்க."

வரைந்தார். செங்குத்தாக விலை, படுக்கையாக அளவு. தேவைக்கோடு இறங்கியது, அளிப்புக்கோடு ஏறியது, இரண்டும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டும் அவரால் வரைய முடியும்.

"இதுல மதியம் எங்க இருக்கு, சார்?"

தேடினார். விலை இருந்தது. அளவு இருந்தது. புள்ளியும் இருந்தது.

"அப்போ விடைக்குறிப்பு தப்பா, மேடம்?"

மணிமொழி குறிப்பை இழுத்து, தான் எழுதிய 'பூச்சந்தை'யைச் சிவப்பு மையால் அடித்தார். "திருத்தின கட்டெல்லாம் மறுபடி பிரிங்க. இப்படி எழுதி பூஜ்யம் வாங்கினவங்க இன்னும் இருப்பாங்க."

ஜமால் நாற்காலியில் சரிந்தார். "அவ்வளவுதான். இன்னிக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்."

இருதயராஜ் அதற்குள் முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்தபடியே கேட்டார்: "பல்கலைக்கழகத்துல இருந்து யாராவது கேட்டா?"

"கேட்கிறவங்க கையில ஒரு சாக்பீஸைக் கொடுங்க. மதியத்தை வரையச் சொல்லுங்க."

இதுவரை சொல்லிவிட்டு இருதயராஜ் எப்போதும் எழுந்து போய்விடுவார். போன மாதம் போக விடவில்லை. கேட்டாகிவிட்டது:

"அந்த ஜூன்ல முதலாண்டு வகுப்புக்குப் போனீங்களே சார், போர்டுல என்ன படம் வரைஞ்சீங்க?"