கத்திரி வெயிலில் ஒரு காளைக் கன்று

செம்மணல் மேடுகளான தேரிக்கு நடுவில் அருளாயி கறிமாடு வளர்த்தாள். சீமைக் காளையையும் நாட்டுப் பசுவையும் சேர்த்து அவள் உண்டாக்கிய மந்தை, கானல் ஓடும் நேரத்திலும் அசராமல் மேயும். தூரத்திலிருந்து பார்த்தால் மாடுகள் தண்ணீருக்கு மேல் நடப்பதுபோல் இருக்கும்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் மீரான். அவளைவிட இருபது வயது மூத்தவர். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போட்டே பழகிய கை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு, அதை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிற மனிதர்.

இதே கலப்பினத்தை அவரும் உண்டாக்கிப் பார்த்தவர்தான். அவர் சுற்று ஊர்களுக்குக் கொடுத்த காளைக்குப் பிறந்த கன்றுகள் போன வருஷக் கத்திரியில் நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்தன. பதினேழு கன்றுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்த் தலைகுனிந்து நின்றார். இந்த வருஷம் அந்த ஊர்களுக்கு வேறு காளை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே வளர்த்த கன்றைக் கையோடு ஓட்டி வந்திருந்தார்.

ஒன்றரை வயது. முந்நூற்று எண்பது கிலோ. சுல்தான் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அப்போது மீரானின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு பெருமை.

"அம்மா, உங்க மந்தையில சீமை ரத்தம் எத்தனை பங்கு?"

"பாதி."

"என்னோடதும் பாதிதான்."

"தெரியும்."

"அப்புறம் எங்க தப்பாச்சு?"

அருளாயி வானத்தைப் பார்த்தாள்.

"கத்திரி பொறக்கட்டும் டாக்டரய்யா."

கத்திரி பிறந்த அன்று காலை பதினோரு மணிக்கு அவள் கொட்டகையைப் பூட்டினாள். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். காளைக் கன்றுகள் எல்லாம் வெளியே, சுல்தானும்கூட. தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கும். எதை இனவிருத்திக்குக் காளையாக நிறுத்துவது என்று அந்த நாட்களில்தான் முடிவு செய்வாள். மற்றவற்றைக் காயடித்துக் கறிக்கு வளர்ப்பாள்.

"எடை போட்டுப் பாக்க வேண்டாமா?" என்றார் மீரான்.

"போடலாம். கத்திரி முடியட்டும்."

இருவரும் வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். மணல் கொதித்தது. காற்று நெளிந்தது. மீரானுக்குக் கண் சொருகியது. ஒரு கன்று இரண்டாகி மிதந்தது, பிறகு கரைந்து காணாமல் போய் வேறோர் இடத்தில் முளைத்தது. எங்கோ மணியோசை கேட்டது. எந்தக் கன்றின் கழுத்திலும் மணி இல்லை. அந்த மயக்கம் அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது.

"என்ன தெரியுது?"

"எல்லாம் மிதக்குதும்மா."

"மேயுறது எது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். குட்டை மயிரும் வழவழப்பான தோலுமாக ஒல்லிக் கன்று ஒன்று, கழுத்துத் தொங்கல் ஆட ஆட மேய்ந்துகொண்டிருந்தது. எடை போட்டால் சுல்தானில் முக்கால் பங்கு வராது.

சுல்தான் மேயவில்லை. அடர்ந்த மயிர் வியர்வையில் ஒட்டிக்கிடக்க, தொட்டியோரம் நின்று இரைத்தது. வாயில் நுரை.

"கொட்டகையைத் தொறங்கம்மா. அது வெயிலே கண்டதில்ல."

"ஏன்?"

"ஃபேன் போட்டு, தண்ணி அடிச்சு வளத்தேன். பெத்த புள்ள மாதிரி."

அருளாயி சாவியோடு எழுந்தாள். அதற்குள் மீரான் ஓடிவிட்டார். தோள்துண்டை இரண்டு கையாலும் விரித்துக் கன்றின் தலைக்கு மேலே பிடித்தார். துண்டின் நிழல் நெற்றிக்கும் கண்ணுக்கும் போதுமானதாக இருந்தது. முதுகு வெயிலில்தான் கிடந்தது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

அவள் கன்றைக் கொட்டகைக்குள் சேர்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். இரைப்பு அடங்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்ல மாடு. நெழல்ல கெடந்தா இன்னும் எடை போடும்."

"காளையா நிக்காதா அம்மா? ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்துட்டேன்."

அருளாயி அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"இதுக்குப் பொறக்குற கன்னுக்கெல்லாம் துண்டை விரிச்சுப் பிடிக்க, எத்தனை ஊருக்கு ஓடுவீங்க டாக்டரய்யா?"