லாயத்துத் தண்ணீர்

முன்னொரு காலத்தில் மருதூர்க்கோட்டைச் சீமையைச் சண்டப்பிரதாபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஆள் நல்லவன்தான், காலையில் சொன்னது மாலையில் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். அவன் சபையில் இரண்டு கட்சி. வலப்பக்கம் பழமைக் கட்சி. "பாட்டன் செய்யாததைப் பேரன் செய்யக் கூடாது" என்பார்கள். இடப்பக்கம் புதுமைக் கட்சி. "பாட்டன் செய்த எதையுமே பேரன் செய்யக் கூடாது" என்பார்கள். ஒரு பக்கம் "மழை பெய்கிறது" என்றால், மறுபக்கம் நனைந்துகொண்டே "எங்கே பெய்கிறது?" என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் மத்தளம் போல அடிபட்டவர் மந்திரி செங்கோடர்.

அந்தக் கோடையில் ஊரில் வாந்திபேதி பரவியது. செங்கோடரின் மகள் பவளாயி வாழ்க்கைப்பட்டது பெரிய குளத்துத் தெருவில். பதறிக்கொண்டு பார்க்கப் போனவரை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை.

"உள்ள வராதீங்கப்பா. உங்க மருமகனுக்கும் கண்டிருச்சு."

"குழந்தையைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடும்மா."

"இவரை இப்படிப் போட்டுட்டா? நான் தண்ணியக் காய்ச்சித்தான் குடுக்கிறேன். ஆனா நோயாளி துணியெல்லாம் இந்தக் குளத்துலதான் அலசுறாங்க. ஊரே அதைத்தான் மொண்டு குடிக்குது. என் ஒருத்தி அடுப்பு எரிஞ்சு என்ன ஆகும்? நீங்க மந்திரிதானேப்பா, ஏதாவது செய்யுங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, குளத்தில் துணி அலசக் கூடாது, நோயாளிக்குத் தனி இடம் வேண்டும், வீடுதோறும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், விறகு அரண்மனைச் செலவு என்று ஆணையிட வேண்டும்" என்றார்.

துள்ளி எழுந்தார் வீரபாகு. பழமைக் கட்சித் தலைவர், அரண்மனைக் குதிரை லாயத்தின் அதிகாரி. மந்திரியின் தலைப்பாகை மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "என் பாட்டன் இதே குளத்தில் பச்சைத்தண்ணீர் குடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தார்! குடிகளின் அடுப்படியில் நுழைய அரசுக்கு என்ன வேலை?"

புதுமைக் கட்சித் தலைவர் மாதேவர் விடுவாரா? "இந்தப் பழமைக்காரர் வாயைக் கட்டினால் போதும், நோய் தானாகப் போய்விடும்!"

அவ்வளவுதான். சபை சந்தைக்கடை ஆயிற்று. நோயாளியைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. ராஜா காதைப் பொத்திக்கொண்டான்.

"போதும்! செங்கோடரே, இந்த இரண்டு தலைவர்களும் ஒருசேரத் தலையாட்டினால்தான் என் முத்திரை. நாளைச் சபை கலைவதற்குள் நடக்காவிட்டால், உம்முடைய தலைப்பாகை வீரபாகுவுக்கு!"

வீரபாகு அப்போதே தன் தலை அளவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். செங்கோடருக்கோ தலைப்பாகை போனால் போகட்டும் என்றிருந்தது; பேரக்குழந்தையின் முகம்தான் கண்ணில் நின்றது. தளர்ந்து நடந்தவர் லாயத்தைத் தாண்டும்போது நின்றுவிட்டார். அங்கே அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் தெளிந்தது.

மறுநாள் சபையில் தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

"மகாராஜா, போன வருஷம் குதிரைகளுக்குக் கொள்ளைநோய் வந்து அண்டை நாட்டு லாயங்கள் காலியாகிவிட்டன. நம் லாயத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. வீரபாகுவைப் பாராட்ட மறந்துவிட்டோமே!"

வீரபாகுவின் மீசை துடித்தது. "அதெல்லாம் கைப்பக்குவம், மந்திரியாரே. நோய் கண்ட குதிரையைத் தனியே கட்டுவேன். அதன் போர்வை பொதுத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் காட்டுவேன். இன்றைக்கும் அப்படித்தான்!"

"அடடா! இது உங்கள் பாட்டனார் முறையோ?"

"சாட்சாத் அவர் முறையேதான்!" வீரபாகுவின் தலை பலமாக ஆடியது.

"மாதேவரே, உங்கள் செல்ல வெள்ளைக்குதிரையும் அந்த லாயத்தில்தானே? இந்த முறை உங்களுக்குச் சம்மதமா?"

"குதிரை விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்" என்று மாதேவரும் தலையாட்டினார்.

"மகாராஜா, இரண்டு தலையும் ஆடிவிட்டன. குதிரைக்குச் செய்வதைக் குடிகளுக்கும் செய்யும்படி முத்திரை போடுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீரபாகு பதறினார். "அநியாயம்! குதிரையும் குடியும் ஒன்றா? குதிரை பொன் கொடுத்து வாங்கியது, மகாராஜா!"

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. செங்கோடர் சிம்மாசனத்தை நோக்கி ஓரடி முன்னே வந்தார். "குதிரை செத்தால் குடிகளின் வரியில் இன்னொன்று வாங்கலாம். குடிகள் செத்தால் எந்தச் சந்தையில் போய் வாங்குவீர்கள், மகாராஜா?"

ராஜா தன் கையாலேயே முத்திரையை அழுத்தினான்.

"வீரபாகு! லாயத்து வித்தையைத் தெருத்தெருவாகக் காட்டும். குளத்துத் தெருவில் முதல் அடுப்பை நீரே மூட்ட வேண்டும். மாதேவரே, என்ன சிரிப்பு? அண்டா தூக்கப்போவது நீர்தான்!"

ஒருவர் ஊத, ஒருவர் சுமக்க, ஊரெங்கும் அடுப்பு எரிந்தது. மெள்ள மெள்ள நோய் அடங்கியது. ஒரு நாள் பவளாயியிடமிருந்து ஆள் வந்தான்: "மருமகப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாருங்க. உப்புப் பத்தலைன்னு கோவிச்சுக்கிட்டாரு."

"கோபிக்கத் தெம்பு வந்துவிட்டதா!" என்று செங்கோடர் சபை நடுவிலேயே அழுதுவிட்டார்.

சபையில் அன்று பெரிய சண்டை. "ஊரைக் காப்பாற்றியது எங்கள் பாட்டன் முறை!" என்றது வலப்பக்கம். "எங்கள் புது ஆணை!" என்றது இடப்பக்கம். அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு குறட்டை கேட்டது. பார்த்தால், மந்திரி தூணில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குகிறார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி, அவர் விழித்துவிடாதபடி மெல்ல அவர் கழுத்தில் போட்டு, உதட்டில் விரல் வைத்தான்.

சண்டை நிற்கவில்லை. ஆனால் இரண்டு கட்சியும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. ஒற்றுமையாக அவர்கள் செய்த இரண்டாவது காரியம் அது.