வாங்காமல் பார்க்கிறவள்

செல்போனில் வியாபாரம் செய்யக் கற்றுக்கொடுக்கும் நஸீமாவின் வீட்டு வாசலில், ஒரு காலை வேளை சடையாண்டி சேலை மூட்டையோடு வந்து இறங்கினார். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்குத் தலை நரைத்து வெகுகாலம். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளைச் சந்தை சந்தையாகக் கூவி விற்று ஆளானவர். உள்ளே வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, முன்னெல்லாம் போன்ல சேலையைக் காட்டி லைவ் போட்டா இருநூறு பேர் நிப்பாங்க. இப்போ ஈ காக்கா இல்லை. இன்னிக்கும் ஓடலேன்னா மூட்டையை மொத்தக் கடையிலயே திருப்பிக் கொடுத்துட்டு, மில்லு கேட்ல வாட்ச்மேனா உக்கார வேண்டியதுதான். என்ன சொன்னா ஜனம் நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

"எப்போ இருந்து குறைஞ்சுது?"

அவர் மோவாயைச் சொறிந்தார். "அந்தப் பூங்கோதை தொல்லை ஒழிஞ்சதுல இருந்துன்னு வைங்க."

"யாரு அவங்க?"

"தினமும் லைவுக்கு வருவா. இதைக் காட்டு, அதைக் காட்டுன்னு உசிரை எடுப்பா. ஒண்ணு வாங்கினதில்லை. எனக்கு வந்துச்சே கோவம்! 'வாங்க வக்கில்லேன்னா வாயை மூடிட்டுப் போ'ன்னு லைவ்லயே ஒரு டோஸ் விட்டேன். கையோட பிளாக்கும் பண்ணிட்டேன்."

நஸீமா டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சந்தையில திட்டினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? அந்த ஆள் போவான், அடுத்த ஆள் வருவான். முன்னாடி நடந்தது அவனுக்கு என்ன தெரியும்?"

"லைவ்ல? இருநூறு பேரும் கேட்டுக்கிட்டுல்ல இருந்தாங்க?"

டம்ளர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. சடையாண்டி அதை மெல்லக் கீழே வைத்தார்.

நஸீமா அவருடைய போனை வாங்கினாள். பூங்கோதையின் தடையை நீக்கி, அவளுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு, லைவைத் தொடங்கினாள்.

"திட்டின இடத்துலயே மன்னிப்பும் கேட்டுடுங்க."

"ஏம்மா, விலையிலயே பத்து ரூபா இறங்காதவன் நான்."

அவள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சடையாண்டி தொண்டையைக் கனைத்தார். சந்தையையே அதிரவைத்த குரல், இப்போது பாதிதான் வந்தது.

"பூங்கோதைத் தங்கச்சி... அன்னிக்கு அண்ணனுக்கு வாய் நீண்டுடுச்சு. உன் மேல தப்பில்லை. மனசுல வெச்சுக்காதேம்மா."

வெகுநேரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு ஆள் வந்தது. பூங்கோதைதான். சடையாண்டி சொன்னதையே இன்னொரு தடவை சொன்னார்.

நஸீமா திரையைப் பார்த்து வாசித்தாள்.

"'அண்ணே, எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. உங்க லைவை அவங்களுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். சண்டைக்காரச் சேலைக்காரரைக் காணோமேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முன்னே காட்டின அந்த அரக்குச் சேலையை வெயில்ல காட்டச் சொல்றாங்க. ட்யூப்லைட்ல நிறம் தெரியலையாம்.'"

சடையாண்டி மூட்டையை அவிழ்த்து அரக்குச் சேலையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"டீச்சரம்மா, இவங்க வாங்கப் போறதில்லையே."

"வெயில் வாசல்லதான் இருக்கு, அண்ணே."