தீவிடம் சொல்லிக்கொண்டவர்

மலையடிவாரத்து மடத்தில் தில்லைநாயகம் வந்து உட்கார்ந்தபோது அவர் பாதத்திலிருந்து மணல் உதிர்ந்தது. விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போய்த் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. எவ்வளவு கழுவினாலும் மணல் போகவில்லை.

குரு அழகம்மை அவரைவிட வயதில் சின்னவர். சீடரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

தில்லைநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “உப்புக் கரிக்குதும்மா.”

குரு சொம்பை வாங்கி மிச்சத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

“எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு அந்தத் தீவுக்குப் போக டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். எப்போ எடுத்தேன்னு ஞாபகம் இல்லை. போனா திரும்ப மாட்டேன்னு மட்டும் தெரியுது. போகாம இருக்க ஒரு வழி சொல்லுங்க.”

“அங்கே என்ன நடந்தது?”

“நாலு நாள் ஓய்வா இருக்கலாம்னுதான் போனேன். படகு மாறி மாறிப் போகணும். தென்னைக்கு நடுவுல ஒரே ஒரு குடில். வேற மனுஷ வாடையே இல்லை. படகுக்காரர் இறக்கி விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். ‘கிளம்பற அன்னிக்கு இங்கே சொல்லிக்காதீங்க. சாவு வீட்டிலிருந்து கிளம்பற மாதிரி பேசாம வந்து படகுல ஏறிடுங்க.’ ஆளே இல்லாத இடத்துல யார்கிட்ட சொல்லப்போறேன்னு சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“முதல் நாள் சாயங்காலம் கரையில நடந்துட்டுக் குடிலுக்குள்ளே நுழையறேன். ‘வந்துட்டீங்களா’ன்னு உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். யாரும் இல்லை. மெத்தையில மட்டும், யாரோ இப்பத்தான் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம்.”

“ஓடி வந்திருக்கலாமே.”

“எதில ஓடி வர? மறுநாளும் கேட்டது. அதுக்கு மறுநாளும். கடைசியில அந்தக் குரலுக்காகவே சீக்கிரம் குடிலுக்குத் திரும்ப ஆரம்பிச்சேன். ‘வந்துட்டேன்’னு பதிலும் சொன்னேன். மனசுக்கு இதமா இருந்ததும்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

“கிளம்பற அன்னிக்கு?”

தில்லைநாயகம் மகா மரியாதைக்காரர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார். அந்தப் பழக்கம் தீவுக்குப் போனால் மட்டும் விட்டுவிடுமா?

“வாசல்ல நின்னு, ‘போயிட்டு வரேன்’னு சொல்லிட்டேன். படகுக்காரர் காதில விழுந்துடுச்சு. கரை வந்து சேர்ற வரைக்கும் அவர் என் முகத்தையே பார்க்கலை.”

“இப்போ?”

“தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் வீட்டு வாசல்ல அதே குரல். ‘எப்போ வரீங்க?’ கதவைத் திறந்தா ஆள் இல்லை. படியில ஈர மணல் கிடக்கு.”

“உங்க மனைவிக்கும் கேட்குதா?”

“மரகதத்துகிட்ட நான் விசாரிக்கலை. ரொம்ப நாளா எங்களுக்குள்ளே பேச்சு இல்லை. எதுக்காக நின்னு போச்சுங்கறதே மறந்துடுச்சு.”

குரு காலிச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

“தீவுக்குக் கிளம்பின அன்னிக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. அவ அடுப்படியில இருந்தா. பையை எடுத்துட்டு வந்துட்டேன்.”

“திரும்பி வந்தப்போ?”

“கதவைத் திறந்தா. உள்ளே போயிட்டா.” தில்லைநாயகம் பாதத்து மணலைத் தட்டிவிட்டார். “‘வந்துட்டீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“இன்னிக்குக் காலையில இங்கே வரக் கிளம்பினப்போ?”

அந்த மலையைச் சுற்றி எங்கேயும் கடல் கிடையாது. ஆனாலும் வெளியே அலை வந்து மோதித் திரும்புகிற சத்தம் கேட்டது. இருவருமே வாசல் பக்கம் பார்த்தார்கள். முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டவர் தில்லைநாயகம்தான்.

“பேசாமத்தான் வந்தேன்” என்றார்.

“சாவு வீட்டிலிருந்துதானே ஐயா அப்படிக் கிளம்புவாங்க?” என்றார் குரு.