காப்புக் கட்டிய கை

குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் பால் வடியும் முகம் வேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. இங்கே குருவின் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. சீடருக்குத்தான் மீசை வரைக்கும் வெளுத்திருந்தது.

குருவின் பெயர் கலாமணி. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பம்புகளுக்கு அடியில் வைக்கிற இரும்புத் தகடுகளில் துளை போட்டுக் கொடுக்கும் பட்டறை நடத்தினாள். சீடர் சென்னியப்பன் அதுவரை லாரி ஓட்டியவர். ராத்திரியில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, தொழில் கற்றுக்கொள்ள இவளிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை 'அம்மணி' என்பார். அவள் அவரை 'அண்ணா' என்பாள். மரியாதையெல்லாம் பேச்சில்தான். டிரில்லிங் மெஷின் பக்கத்தில் அவள் சொன்னதற்கு மறுசொல் கிடையாது.

மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏற வேண்டும். கையுறை கூடவே கூடாது. துளை போடச் சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது.

"கையுறை கைக்குப் பாதுகாப்புத்தானுங்களே அம்மணி?" என்று முதல் நாள் அவர் கேட்டார்.

"கத்தி பிடிக்கிறவங்களுக்குப் பாதுகாப்புங்ணா. இங்க ஒரு நூல் மாட்டுச்சுன்னா கையுறை மட்டும் போகாது."

அவர் கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினார். அதற்குப் பிறகும் அவள் மெஷினைத் தொட விடவில்லை. தகட்டில் கோடு போடவும், துளை விழ வேண்டிய புள்ளியில் பஞ்ச் உளியை வைத்துத் தட்டிக் குழி எடுக்கவும், பிசிறு தேய்க்கவும் மட்டும் விட்டாள். லாரியை மலையேற்றி இறக்கிய மனுஷனுக்கு அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

ஒருநாள் காலை, அவர் செருப்பைக் கழற்றும்போதே கலாமணி வாசலில் நின்று சொன்னாள்.

"இன்னைக்கு மெஷின் உங்களுதுங்ணா. நான் பக்கத்துல நிக்க மாட்டேன். தகடு சரியா வந்தா நாளையில இருந்து நீங்கதான் அதுல."

சொல்லிவிட்டுப் பின்கட்டில் இரும்பு இறக்கப் போய்விட்டாள்.

எத்தனை நாளாக அவர் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. அவள் பேசிய நேரம் முழுக்க வலது கையை ஒரு துடைக்கிற துணிக்குள் சுற்றி வைத்திருந்தார்.

துணிக்குள்ளே மணிக்கட்டில் காப்புக் கயிறு இருந்தது. மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு மஞ்சள் துண்டு, முடிச்சுக்குப் பிறகு நீண்டு தொங்கும் இரண்டு முனை. முந்தின நாள் சாயங்காலம், மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்காகப் பூசாரி கட்டிவிட்டது. மகள் தாரணி நிறைமாதமாக அவர் வீட்டில் இருந்தாள். இரண்டு முறை தங்காமல் போய், இந்த முறைதான் தங்கியிருந்தது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும் என்று வேண்டிக் கட்டிய கயிறு. நோம்பி முடிந்து மஞ்சள் நீராட்டு நடக்கிற அன்றைக்குத்தான் அதை அவிழ்க்க வேண்டும். நடுவில் கழற்றுவதை நினைக்கவே அவருக்குப் பயம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நோம்பி முடிகிற வரைக்கும் பிசிறு தேய்க்கச் சொல்லுவாள். அதற்குள் மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டால்? இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

மடித்து விட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கையை இறக்கினார். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். கயிறு உள்ளே போய்விட்டது. தகரம் கொதிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் போய் நின்றார்.

முதல் தகட்டை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. பிட்டின் நுனியைக் குழிக்கு நேராகக் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு, சுவிட்சைப் போட்டார். கைப்பிடியை மெல்ல இறக்கினார். இரும்பு முனகியது. கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் தூக்கி, மறுபடி இறக்கி, அவள் சொல்லிக் கொடுத்தபடியே போட்டார். துளை குழியை விட்டு மயிரிழைகூட நகரவில்லை. இரண்டாவது தகடும் அப்படியே வந்தது. மூன்றாவதில் அவருக்குப் பழைய லாரிக்காரத் தெம்பு வந்துவிட்டது.

தெம்பு வந்ததும் கைப்பிடியைத் தூக்கித் தூக்கி இறக்குவதை விட்டுவிட்டு ஒரே அழுத்தாக அழுத்தினார். இரும்புச் சுருள் உடையாமல் நீளமாகக் கிளம்பி, பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. பளபளவென்று ஒரு முழம் இருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ள வேண்டும். பிரஷ் அடுத்த மேஜையில் இருந்தது. நிறுத்தினால் நேரம் போகும். கைப்பிடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டிச் சுருளைத் தட்டிவிடப் போனார்.

ஓரக்கண்ணில் கலாமணி தெரிந்தாள். பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறக்கவில்லை. ஓடவும் இல்லை. சுவரோரமாகச் சுவிட்சை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

எதற்கு இப்படி வருகிறாள் என்று நினைத்தவர் தன் கையைப் பார்த்தார். சட்டைக் கைக்கு வெளியே ஒரு மஞ்சள் முனை எட்டிப் பார்த்தது. பிட்டின் காற்றில் அது படபடத்தது.

இழுக்க நினைத்தார். நினைப்பு கைக்கு வந்து சேர்வதற்குள் முனை போய் ஒட்டிக்கொண்டது. கயிறு விறைத்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது மாதிரி கை முன்னால் போனது.

சுவிட்சு டக்கென்று விழுந்தது.

மோட்டார் சத்தம் நின்றது. பிட்டு நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றியது. கயிறு இன்னும் இறுகியது. அடுத்த சுற்று பாதியில் தயங்கி, நின்றது. பிட்டுக்கும் அவர் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும்.

கலாமணி பக்கத்தில் வந்து, "அசையாதீங்க" என்றாள். மேஜையில் கத்தி இருந்தது. அதை அவள் தொடவில்லை. பிட்டைக் கையால் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி, கயிற்றைச் சுற்று சுற்றாக விடுவித்தாள். கயிறு அறுபடாமல் வந்தது. தோலில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அம்மணி" என்றார்.

"போட்டிருந்தா திரும்பிப் பார்த்திருப்பீங்க. கையும் கூடவே திரும்பியிருக்கும்."

அவள் கயிற்றில் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தாள்.

"யாருக்குக் கட்டினது?"

"தாரணிக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கழட்டச் சொல்லுவீங்க."

"ஆமா."

"ஆத்தா கயிறுங்க அம்மணி. அது ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சுட்டேன்."

"ஆத்தா கயிறுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மெஷினுக்கு யாருங்ணா சொன்னது?"

பயம் போய் அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"சொல்றது சுலபமுங்க! ரெண்டு தடவை வெறுங்கையோட அவளை ஆசுபத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தவன் நானு. எம் புள்ளை மொகத்தைப் பார்க்க முடியாம லாரியில போய்ப் படுத்துக்கிட்டவன். இன்னைக்கு இதைக் கழட்டி, நாளைக்கு அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா? நீங்களா இருந்தா கழட்டுவீங்களா?"

கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை. கலாமணி, புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையின் மேல்பொத்தானை அவிழ்த்து, காலரை விலக்கிக் காட்டினாள்.

கழுத்து வெறுமையாக இருந்தது. தாலி இல்லை.

சென்னியப்பனுக்குத் திக்கென்றது. முந்தின நாள் மத்தியானம்கூட அவள் புருஷன் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இவரிடமும் ரெண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

"உங்க வீட்டுக்காரரு..."

"நல்லாத்தான் இருக்காரு. இன்னைக்கும் சோறு கொண்டு வருவாரு, பாருங்க."

பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இந்த மெஷின்ல குனிஞ்சு நிக்கணும்ல. தாலிக்கயிறு முன்னால வந்து தொங்கும். மொதல் தடவை கழட்டினப்ப எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுச்சு. எங்க மாமியாருக்குச் சோறு எறங்கலை. அக்கம்பக்கம் வாய்க்கு வந்ததைப் பேசுச்சு. அவருதான் கையை நீட்டி, 'எங்கிட்ட குடு'ன்னாரு. காலையில குடுத்துட்டு வர்றேன். சாயங்காலம் அவரே கட்டி விடறாரு."

"பயமா இல்லீங்களா?"

"தெனமும் பயந்தான். அவரு சைக்கிள் சத்தம் கேக்கிற வரைக்கும் பயந்தான்."

சென்னியப்பன் மணிக்கட்டைப் பார்த்தார். முடிச்சை நகத்தால் நோண்டினார். இறுகிப் போயிருந்தது, அசையவில்லை. கண் நிறைந்து, முடிச்சே தெரியாமல் போனது. கடைசியில் மேஜையில் இருந்த கத்தியைக் கண்ணால் காட்டிக் கையை அவளிடம் நீட்டினார்.

"அறுத்துருங்க அம்மணி."

"நான் எதுக்குங்ணா அறுக்கணும்? வீடு பக்கந்தானே. தாரணியையே அவிழ்க்கச் சொல்லி, அவ கையிலயே குடுத்துட்டு வாங்க. யாருக்காகக் கட்டினீங்களோ அவ வெச்சிருக்கட்டும். சாயங்காலம் வாங்கிக் கட்டிக்குங்க."

"மெஷினு?"

"நீங்க வர்ற வரைக்கும் நிக்கும். யாரையும் தொட விட மாட்டேன்."

அவர் வாசல் வரைக்கும் போனார். செருப்பை மாட்டினார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்றார்.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"நடுவுல ஏன் கழட்டினேன்னு ஆத்தா கேட்டா?"

கலாமணி பிரஷ்ஷை எடுத்து, பிட்டில் சிக்கிக் கிடந்த சுருளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"திரும்பக் கட்டிக்கக் கை இருக்குதுன்னு காட்டுங்ணா."