தான்சானியாவில் போன வருசத்துக் கிறிஸ்துமஸ்

மூளை தேய்ந்துவிடுமே என்று அதைப் பத்திரமாக நாகர்கோவிலிலேயே விட்டுவிட்டு, மூன்று பேர் தான்சானியாவுக்கு விமானம் ஏறினார்கள். அங்கே ஒரு முந்திரி ஆலையில் வேலை. மூத்தவர் ஞானசிகாமணி, மேஸ்திரி. அடுத்தவன் சிலுவைப்பிச்சை, எலக்ட்ரீஷியன். மூன்றாமவன் மெக்கானிக் ஏசுவடியான். பெண்டாட்டி நினைப்பிலேயே கிடப்பதால் அவன் மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் கூடுதல் மக்கு.

டிசம்பரில் அவன் மனைவி கிரேஸ்லெட் போன் செய்தாள். "பண்டிகைக்கு நான் அங்க வாறேன். ஆனா போன வருசம் நம்ம வீட்டுல நடந்த மாதிரியே எல்லாம் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த பிளேனுல திரும்பிருவேன், பாத்துக்கிடுங்க."

என்னென்ன நடந்தது என்று அவளே கடகடவென்று ஒப்பித்தாள். மழையில் ஓடு ஒழுகிக் கிறிஸ்துமஸ் குடில் நனைந்தது. குடிலின் வைக்கோலை ஆடு தின்றது. ஸ்டார் கட்டியதும் பியூஸ் போனது. மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஏசுவடியான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டான். வந்தவள் திரும்பிப் போய்விட்டால் அவன் உயிரும் அதே விமானத்தில் போய்விடும்.

பண்டிகையன்று காலையிலேயே ஞானசிகாமணி கூரையை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டார். "தகரத்துல ஒரு ஓட்டைகூட இல்லியேலே. ஒழுகாத வீட்டுல எப்பிடி கிறிஸ்துமஸ் கொண்டாடுறது?"

ஓட்டை போட்டார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எனவே சிலுவைப்பிச்சை வாளித் தண்ணீரோடு கூரையேறினான்.

"தூறலா அண்ணாச்சி, பெருமழையா?"

"நம்ம ஊரு மழைலே. கை வலிக்கும் வரைக்கும் ஊத்து."

பக்கத்து வீட்டு ஹலீமாவிடம் ஆடு ஒன்று இரவல் வாங்கினார்கள். அது வைக்கோலை மோந்துகூடப் பார்க்காமல் அட்டையில் செய்த மூன்று ராஜாக்களில் ஒருவரைத் தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ஏசுவடியான் முட்டிபோட்டு, ஒரு கைப்பிடி வைக்கோலைத் தானே மென்று காட்டினான். வேலிக்கு அப்பால் நின்ற ஹலீமா "போலே, போலே" என்று அந்த ஊர்ப் பேச்சில் பரிதாபப்பட்டு, அவனுக்கு ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்டாரைக் கட்டியதும் பியூஸ் தானாகவே போனது. சிலுவைப்பிச்சை கை வைத்து நினைத்தபடி முடிந்த வேலை அது ஒன்றுதான்.

இனி மாமா கோபிக்க வேண்டும். வயதை உத்தேசித்து ஞானசிகாமணியை மாமாவாக்கினார்கள்.

"எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லியே மக்கா."

"உங்களுக்குக் கறி வைக்காம விட்டா?"

"நான்தான் கறி திங்க மாட்டேன்லா."

"உங்களுக்கு மூளை இல்லன்னு சொன்னா?"

"உள்ளதத்தானே சொல்லுத, அதுக்கு எதுக்குலே கோவப்படணும்?"

கடைசியில், கோபமே வரவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்து, இலையை விட்டு எழுந்து போனார். ஏசுவடியான் ஆனந்தத்தில் குதித்தான்.

அந்த நேரம் பார்த்து கிரேஸ்லெட் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒழுகலைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். எரியாமல் தொங்கிய ஸ்டாரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு புருசனைப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, நீங்க எதுக்கு இங்க நிக்கிய? போன வருசம் நீங்க வீட்டுல இல்லியே, இங்கேருந்து போன்லதானே பேசுனிய?"

எழுந்து போன ஞானசிகாமணி திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: "அவ சொல்லுதது நியாயம்லே. கெளம்பு."

ஏசுவடியான் பெட்டியைக் கட்டினான். எல்லோர் கையையும் பிடித்து விடைபெற்று, வீட்டைச் சுற்றிப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து போன் போட்டான்.

"பிள்ள, கிறிஸ்துமஸ் எப்பிடி போவுது?"

"எல்லாம் போன வருசம் மாதிரியே இருக்கு. நீங்க மட்டுந்தான் இல்ல." அவள் விம்மியது போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. "எப்ப வருவிய?"

அவனும் அழுதுவிட்டான்.

"மனசத் தேத்திக்க பிள்ள. அடுத்த வருசம் எப்பிடியாவது லீவு வாங்கி, பிளேன் பிடிச்சு வந்துருதேன்."