உதட்டில் ஒரு காகிதம்

"கோயில் வாளை ஏன் அவனிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டான் கிஹெய்.

குரு மொகுசாய் ஒரு கத்தியின்மேல் பட்டுத்துணிப் பந்தை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பந்திலிருந்து மாவுபோல வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"எவனிடம்?"

"யசுகேயிடம்தான். நான் இங்கே வந்தபோது என் தலையில் ஒரு நரைகூட இல்லை. இப்போது கறுப்பு முடியைத் தேட வேண்டியிருக்கிறது. நேற்றுவரை படகு ஓட்டியவனுக்கு மலைக்கோயில் வாள். எனக்குக் காவல்காரர்களின் குட்டை வாள்கள்!"

"குட்டை வாள் துருப்பிடிக்காதா?"

கிஹெய் ஒரு குட்டை வாளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

எரியாமல் என்ன செய்யும்? வாள்களைப் பராமரிக்கும் அந்த வீட்டின் வழக்கம் ஊருக்கே தெரியும். கோயில் வாளைப் பராமரிக்கிறவன்தான் மொகுசாய்க்குப் பிறகு அங்கே குரு. அந்த வாளில் துரு ஏறினால், பராமரித்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

யசுகே வாயாடி. ஆற்றில் படகு ஓட்டியபோது அக்கரை சேர்வதற்குள் நான்கு கதை சொல்லி முடிப்பானாம். இங்கே வந்தும் அவன் வாய் ஓயவில்லை. சோறு வடிக்கும்போது பானையோடு பேசுவான். பானை வேலையாக இருந்தால் கிஹெயோடு பேசுவான்.

"அண்ணே, இன்று உங்கள் முகம் ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறதே! மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்!"

கிஹெய் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஆனால் கோயில் வாளை எடுக்கும் நாளில் யசுகே வேறு ஆளாகிவிடுவான். கை கழுவுவான். ஒரு மெல்லிய காகிதத்தை மடித்து உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொள்வான். அதன் பிறகுதான் உறையைத் தொடுவான். கூர் மேலே பார்க்க, வாளை மெதுவாக உருவுவான். பழைய எண்ணெயைத் துடைப்பான். மீதி எண்ணெயை உறிஞ்சப் பொடி தட்டுவான். பொடியைத் துடைப்பான். கிராம்பு எண்ணெயை மெல்லிசாகப் பூசுவான். வாள் உறைக்குள் போகும்வரை காகிதம் உதட்டில் இருக்கும்.

வாளுக்கு எதிரி வெளியே இல்லை என்பார் குரு. கைரேகை பட்டால் துரு. எச்சில் தெறித்தால் துரு.

"இது என் வாய்க்குப் பூட்டு, அண்ணே" என்று யசுகே ஒருநாள் காகிதத்தை ஆட்டிக் காட்டினான். "உங்களுக்கு ஒன்று மடித்துத் தரட்டுமா?"

"உளறுகிறவனுக்குத்தான் பூட்டு வேண்டும்" என்றான் கிஹெய். "நான் எப்போது பேசினேன்?"

உண்மைதான். வேலை செய்யும்போது கிஹெய் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. காகிதம் கவ்வியதும் இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மழைக்காலம் வந்தது. சுவர்கள் வியர்த்தன. இந்த ஈரத்தில் ஒரு புள்ளியாவது ஏறாமலா இருக்கும் என்று கிஹெய் நினைத்தான். நினைத்ததும் மனசுக்கு இதமாக இருந்தது.

மழை வெறித்த ஒரு காலையில் குரு மலைக்கோயிலுக்குப் போனார். யசுகே சந்தைக்குப் போனான்.

கிஹெய் கை கழுவினான். கோயில் வாளை உருவினான்.

சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எண்ணெய்க்கு அடியில் ஒளிந்திருக்கும் என்று எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். முனையிலிருந்து பிடிவரைக்கும், பிடியிலிருந்து முனைவரைக்கும் பார்த்தான். மூக்கு இரும்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

விடிகாலை ஆற்று நீர் மாதிரி இருந்தது வாள். படகோட்டியின் கை பட்ட வாள்!

"சே!" என்றான் கிஹெய். "ஒரு புள்ளிகூடவா இல்லை!"

தன் குரல் தனக்கே கேட்டுத் திடுக்கிட்டான். அவசரமாக எண்ணெயைப் பூசி, வாளை உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான்.

சில நாட்கள் கழித்து, மறுபடியும் ஆளில்லாத நேரம் பார்த்து வாளை உருவினான்.

முனைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கடுகைவிடச் சிறியது. பழுப்பு நிறம். பக்கத்தில் அதைவிடச் சிறியதாக இன்னும் இரண்டு.

கிஹெய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாளோடு குருவிடம் ஓடினான்.

குரு யசுகேயைக் கூப்பிட்டார். யசுகே பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"காகிதம் கவ்வியிருந்தாயா?"

"கவ்வியிருந்தேன், குருவே."

"கையால் தொட்டாயா?"

"தொடவில்லை. ஆனால்... துரு இருக்கிறதே. என் பொறுப்பில் இருந்த வாள்."

வேறு ஒன்றும் சொல்லாமல் யசுகே உள்ளே போனான். மாற்று உடை ஒன்று, படகோட்டித் தொப்பி ஒன்று. அவனுடைய மூட்டை சீக்கிரம் கட்டி முடிந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தான்.

"அண்ணே, நான் போய்விட்டேன் என்று பானையிடம் சொல்லிவிடுங்கள்" என்றான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

குரு வாளைத் தன் இரு கைகளிலும் கிடத்திக்கொண்டார். துருவைப் போக்கக் கல்லில் தேய்க்க வேண்டும். தேய்ந்த இரும்பு திரும்பி வராது. அதனால் அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கிஹெய், துரு எங்கே என்றாய்?"

"முனைக்குக் கீழே, குருவே."

"வெளிச்சம் போதவில்லை. கிட்டே வந்து காட்டு."

கிஹெய் வந்தான். குனிந்தான்.

"இதோ."

"எப்படி வந்திருக்கும்?"

"பேசியிருப்பான். வேறு எப்படி வரும்?"

"சரியாகக் கேட்கவில்லை."

குருவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கிஹெய் அதை அப்போது நினைக்கவில்லை. இத்தனை நாளாக வயிற்றில் எரிந்தது முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"பேசியிருப்பான் என்றேன்! பொழுது விடிந்தால் பேச்சு, பொழுது போனால் பேச்சு! படகோட்டியிடம் போய் இப்படிப்பட்ட வாளைக் கொடுத்தால் புள்ளி பிடிக்காமல் என்ன பிடிக்கும்?"

குரு வாளைச் சற்றே சாய்த்தார்.

சன்னல் வெளிச்சம் அதன்மேல் ஓடியது. பழுப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மூன்று, நான்கு நீர்முத்துகள் மின்னின. கடுகைவிடச் சிறியவை.

குரு கிஹெயைப் பார்க்கவில்லை. வாளை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார்.

யசுகேதான் பார்த்துவிட்டு ஓடிவந்தான். வழியிலேயே ஒரு காகிதத்தை மடித்து உதட்டில் கவ்விக்கொண்டான். இன்னொரு காகிதத்தால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தான். தன் மூட்டை வாசற்படியில் கிடப்பதையே அவன் மறந்துவிட்டது போலிருந்தது.

"இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா, கிஹெய்?" என்றார் குரு.

கிஹெய் வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான். முகத்தை வாளிலிருந்து திருப்பிக்கொண்டான்.

காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினான். மடித்தான். பழக்கமில்லாததால் கோணலாக வந்தது. அதை உதட்டில் கவ்விக்கொண்டு வாசற்படிக்குப் போனான். அங்கே உட்கார்ந்து, யசுகேயின் மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தான்.